துருப்பிடித்த இரண்டு கம்பிகளும் ஒரு பாரதி புத்தகமும்

போன டிசம்பரில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், சிங்கப்பூர் தோ பாயோவில் ஒரு ஆச்சி வீட்டிலிருந்து எனக்கு ஒரு அட்டைப்பெட்டி கிடைத்தது. அவருடைய கணவர் தமிழாசிரியராக இருந்தவர், தவறிப்போய் இரண்டு வருடம் ஆகிறது. ஆச்சி நாலறை வீட்டை விட்டுவிட்டு ஈரறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குப் போகிறார், புத்தகங்களுக்கு அங்கே இடமில்லை. "வேணுங்கிறத எடுத்துக்கோங்க தம்பி, மிச்சத்த காரங்குனிக்காரன்கிட்ட போட்டுரலாம்னு மவன் சொல்றான்" என்றார். காரங்குனிக்காரர் என்றால் இங்கே பழைய சாமான் வாங்குகிறவர். காசு கொடுக்கப் போனேன், கையை ஆட்டி மறுத்துவிட்டார். பெட்டியில் பெரும்பாலும் பழைய பாடநூல்கள், தீபாவளி மலர்கள். அடியில் பழுப்புத்தாள் அட்டை போட்ட ஒல்லியான புத்தகம் ஒன்று, முதுகை ஒட்டி இரண்டு துருக்கறைகள் தாளை மீறி வெளியே தெரிந்தன. தலைப்புப் பக்கத்தைத் திறந்தேன். பாரதி கட்டுரைத் தொகுதி ஒன்று, கீழே பாரதி பிரசுராலயம், திருவல்லிக்கேணி, சென்னை.

நான் பத்து வருடமாகச் சேர்ப்பது இந்த வகைப் புத்தகங்களைத்தான். பாரதி உயிரோடு இருந்தபோது வந்தவற்றைத் தேடும் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், அவற்றின் விலைக்கு நான் போக முடியாது. அவர் 1921 செப்டம்பரில் மறைந்த பிறகு முதன்முதலாக நூலானவை என் பக்கம். ஊர் அவரைக் கிறுக்கன் என்றது. சமைக்க வைத்த அரிசியைக் குருவிக்குப் போட்டார், திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலையில் சிங்கத்தின் கிட்டே போய் நின்றார் என்றெல்லாம் வீட்டாரே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மனிதர் 1920இல் தன் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றையும் 10,000 படி அடிக்கப்போகிறேன் என்று நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிப் பணம் கேட்டார். கணக்குப் போட்டால் நாலு லட்சம் படி. ஒன்றும் நடக்கவில்லை, அடுத்த வருடமே போய்விட்டார். அந்த நாற்பதையும் வேறு வேறு கைகள் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்த கதைதான் என் அலமாரி.

முதல் கை அவர் மனைவி செல்லம்மாவுடையது. 1922 ஜனவரியில், பாரதி போன சில மாதங்களிலேயே, பாரதி ஆசிரமம் என்ற பெயரில் 'சுதேச கீதங்கள்' இரண்டு பாகமாக வந்தது. அப்புறம் பாரதியின் தம்பி சி. விசுவநாதனும் இன்னும் சிலரும் சேர்ந்து பாரதி பிரசுராலயத்தை நடத்தினார்கள். 'பாஞ்சாலி சபத'த்தின் முதல் பாகத்தைப் பாரதி 1912இல் அச்சில் பார்த்தார், இரண்டாம் பாகம் 1924இல்தான் வந்தது, பார்க்க அவர் இல்லை. 'சந்திரிகையின் கதை' பாதியில் நின்ற நாவல், நின்ற இடத்திலேயே நூலாகிவிட்டது. 1928இல் பர்மாவில் பாரதி பாடல்களுக்குத் தடை போட்டார்கள், அதைத் தொடர்ந்து சென்னையிலும் போலீஸ் வந்து புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனது, சத்தியமூர்த்தி சட்டமன்றத்தில் அதை எழுப்பிப் பேசினார். 1949இல் அரசாங்கம் உரிமையை வாங்கி, 1955இல் எல்லோருக்கும் பொதுவாக்கியது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. அவர் ஷெல்லிதாசன், காளிதாசன், சக்திதாசன் என்று புனைபெயர்களிலும் பெயரே போடாமலும் பத்திரிகைகளில் எழுதிக் குவித்ததெல்லாம் பழைய தாள்களில் புதைந்து கிடந்தது. 1953இல் பெரியசாமித் தூரனின் 'பாரதி தமிழ்', 1958 முதல் ரா. அ. பத்மநாபனின் 'பாரதி புதையல்', 1975இல் 'பாரதி தரிசனம்', 2004இல் ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்த 'விஜயா' பத்திரிகைக் கட்டுரைகள், நடுவே சீனி விசுவநாதனின் காலவரிசைத் தொகுதிகள். 1921இல் இறந்தவரின் எழுத்துக்கு 2004இல் முதற்பதிப்பு வருகிறது! சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: 1922இலிருந்து ஆரம்பிக்காதீர்கள், பின்னாலிருந்து வாருங்கள். 1990களுக்குப் பிறகு வந்தவற்றின் முதற்பதிப்பு இன்னும் சாதாரண விலையிலேயே பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும்.

சரி, ஆச்சி வீட்டுப் புத்தகத்துக்கு வருவோம். அதற்கு முன்னால் ஒரு பழைய காயத்தைச் சொல்லியாக வேண்டும், அதை வைத்துத்தான் இப்போது எல்லாம் செய்கிறேன். எட்டு வருடத்துக்கு முன்னால் இதே பிரசுராலயத்தின் வேறொரு புத்தகத்தை ஒரு பைண்டரிடம் கொடுத்தேன். நல்ல மனுஷர், சுத்தமான வேலை. மூன்று பக்கமும் கட்டிங் போட்டு, கெட்டி அட்டை கட்டி, முதுகில் பொன்னெழுத்தில் பெயர் அடித்துத் தந்தார். மேலட்டை எங்கே என்று கேட்டேன். "அது கிழிசல் சார், குப்பையில போட்டுட்டேன்." அந்த மேலட்டையில்தான் விலை இருந்தது, பின்னட்டையில் பிரசுராலயத்தின் நூல் பட்டியல் இருந்தது, எத்தனையாவது பதிப்பு என்ற ஒற்றை வரியும் அங்கேதான் இருந்தது. உள்ளே பாரதி ஒரு எழுத்தும் குறையாமல் இருக்கிறார், ஆனால் அது எந்தப் பதிப்பு என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. எழுதியவர் இறந்தபின் வரும் புத்தகத்தில் அவர் சொல்ல ஒன்றும் இல்லை. யார் சேர்த்தார்கள், எப்போது, எதை விட்டார்கள் என்பதை மேலட்டையும் பதிப்புரையும் ஓரத்து விளம்பரமும்தான் சொல்லும். அதனால் என் வேலைக்கு ஒரே விதி: எதையும் வெட்டக்கூடாது, எதையும் எறியக்கூடாது.

முதல் வேலை பூச்சி. பெட்டியிலேயே இரண்டு வெள்ளிமீன்கள் ஓடின, பழுப்புத்தாளின் ஓரத்தை அவை சுரண்டித் தின்றிருந்த தடம் தெரிந்தது. புத்தகத்தை டிஷ்யூ தாளில் சுற்றி, ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இன்னொரு ஜிப் பைக்குள் வைத்து ஃப்ரீசரில் வைத்தேன். மைனஸ் 18 டிகிரி, இரண்டு வாரம். மனைவி மீனுக்கு வைத்திருந்த மேல்தட்டைக் காலிசெய்து கொடுத்தார். வெளியே எடுத்ததும் உடனே பையைத் திறந்துவிடக்கூடாது. குளிர்ந்த பொருள்மேல் நம்ம ஊர்க் காற்றின் ஈரம் அப்படியே படிந்துவிடும். ஒரு முழுநாள் பை மூடியே இருக்கட்டும், வெளியே வேர்த்து அடங்கட்டும்.

அடுத்தது பூஞ்சணம். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 80 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கிறது, 65ஐத் தாண்டினாலே பூஞ்சணத்துக்குப் போதும். பின்பக்கத் தாள்களில் வெண்சாம்பல் நிறத்தில் பொடி படர்ந்திருந்தது. இதை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, துடைத்தால் தாளுக்குள் இறங்கிவிடும். முதலில் காயவிட வேண்டும், காய்ந்தால் பொடியாக உதிரும். ஒரு காய்ந்த காலைப்பொழுதில் பின்கட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தாளின் நடுவிலிருந்து ஓரம்பார்த்துத் தள்ளினேன். தள்ளிய பொடியை, நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் ஒன்று பக்கத்திலேயே இழுத்துக்கொண்டது. குழாய் வாயில் மெல்லிய வலைத்துணி கட்டியிருந்தேன், பிய்ந்த துணுக்கு ஏதாவது பறந்தால் அகப்படட்டும் என்று. ஏர்கான் அறையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், வீடு முழுக்கப் பரவும். 96 பக்கத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆனது.

துடைத்துக்கொண்டே பாரம் எண்களைச் சரிபார்த்தேன். பாரம் என்பது ஒன்றாக அச்சடித்து மடித்த பக்கக் கட்டு. பழைய புத்தகங்களில் ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்கத்திலும் கீழே சிறிய எண் இருக்கும். 16 பக்கம் ஒரு பாரம், மொத்தம் ஆறு. ஆறும் இருந்தன. ஒரு பக்கம் விடுபட்டிருந்தால்கூட இங்கேயே தெரிந்துவிடும், வாங்குவதற்கு முன்னாலேயே கடையில் நின்று பார்க்க வேண்டிய விஷயம் இது. வருடம் தமிழில் மட்டும் போட்டிருந்தால் கலங்க வேண்டாம், துந்துபி என்றால் 1922-23, பிரபவ என்றால் 1927-28, யுவ என்றால் 1935-36. அறுபது வருடச் சுழற்சியை ஒரு அட்டையில் எழுதிப் பர்சில் வைத்திருக்கிறேன். என் பிரதியில் தலைப்புப் பக்கத்தின் கீழ்மூலை வெள்ளிமீனுக்குப் போய்விட்டது. வருடமும் அதோடு போய்விட்டது.

இனி கம்பி. அந்தக் காலத்தில் இந்த மாதிரி மலிவு விலைப் புத்தகங்களை நூல் தையல் போடாமல் பக்கவாட்டில் இரண்டு கம்பி அடித்துவிடுவார்கள். எண்பது தொண்ணூறு வருடம் நம்ம கடலோரக் காற்றில் இருந்தால் கம்பி துருவாகி, துரு தாளைத் தின்று, கம்பியைச் சுற்றி ஒரு மிளகளவு ஓட்டையே விழுந்துவிடும். பிடித்து இழுத்தால் கம்பியோடு தாளும் சேர்ந்து வரும். நான் செய்தது: தெளிந்த பாலியெஸ்டர் தாளில் சின்னத் துண்டு வெட்டிக் கம்பிக்கும் தாளுக்கும் நடுவே செருகினேன், இனி கருவி எது பட்டாலும் அந்தத் துண்டில்தான் படும். மெல்லிய தட்டைக் கத்தியால் மடிந்த கால்களை ஒரு மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டராக நிமிர்த்தினேன். முதல் கம்பி நிமிரும்போதே இரண்டாக முறிந்தது, நல்லதுதான், துண்டுகளைச் சாமணத்தால் எடுத்துவிட்டேன். இரண்டாவது கம்பிக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. கீழ்க்கால் தாளோடு ஒன்றிப்போயிருந்தது, ஊசி முனையால் துருவைப் பொடிப்பொடியாகச் சுரண்டி விடுவித்தேன். வெளியே வந்ததைப் பார்த்தால் கம்பி என்றே சொல்ல முடியாது, கருஞ்சிவப்பாக, கருவேப்பிலைக் காம்பு காய்ந்த மாதிரி ஒன்று. இரண்டையும் சின்ன டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். தாளில் இருக்கும் துருக்கறையைத் தொடவில்லை. அதை எடுக்கும் அமிலங்கள் வீட்டு மேசைக்கு ஆகாது.

கம்பி போனதும் பாரங்கள் தனித்தனியாக வந்துவிடும் என்று நினைத்தேன், வரவில்லை. முதுகில் வச்சிரப் பசை (விலங்குத் தோல், எலும்பில் காய்ச்சுவது) போட்டு மேலட்டையை ஒட்டியிருந்தார்கள், அது கண்ணாடி மாதிரி காய்ந்து கிடந்தது. கெட்டியான கோதுமைப் பசையை அதன்மேல் பூசி பத்து நிமிடம் விட்டால் ஈரம் மெதுவாக இறங்கி வச்சிரம் இளகும், ஐஸ்கிரீம் குச்சியைச் சீவி அதால் வழித்து எடுக்கலாம். மூன்று தடவை பூசி வழித்தேன். மேலட்டை முழுதாக, முதுகோடு ஒரே துண்டாகக் கழன்று வந்தபோது எழுந்து நின்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பசை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் மைதா பசையிலேயே நிற்கிறார்கள். ஊரில் பைண்டர்கள் மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார்கள், பூச்சி வராது என்று. அட்டை கட்ட அது சரி, தொண்ணூறு வருடத் தாளுக்கு வேண்டாம். வேண்டியது கோதுமையின் மாச்சத்து மட்டும், புரதம் நீக்கியது. இதைத் தேடி வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன் முதலில், பிறகுதான் தெரிந்தது, நம்ம பேரங்காடியிலேயே டிம் சம் என்ற சீனப் பலகாரம் செய்யும் மாவு வரிசையில் அது இருக்கிறது. இறால் கொழுக்கட்டையின் மேல்தோல் கண்ணாடி மாதிரி தெரிகிறதே, அந்த மாவுதான். பொட்டலத்தில் கோதுமை ஸ்டார்ச் மட்டும் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், வேறு மாவு கலந்ததும் விற்கிறார்கள். ஒரு பங்கு மாவு, ஐந்து பங்கு தண்ணீர், அரை மணி நேரம் ஊறவிட்டு, சின்னத் தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். முதலில் பால் மாதிரி இருக்கும், திடீரென்று இறுகும், அங்கே நிறுத்திவிடாதீர்கள், இன்னும் இருபது நிமிடம் கிளறினால் வெண்மை மாறி, கஞ்சி ஆறிய நிறத்தில் ஒளி ஊடுருவும். ஆறியதும் மெல்லிய சல்லடையில் மூன்று தடவை தேய்த்து இறக்கினால் வெண்ணெய் பதம். நம்ம வெயிலில் இரண்டு நாளில் புளித்துவிடும், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள்.

கிழிசலுக்கு ஜப்பானியக் கோஸோ தாள், பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஓவியப் பொருட்கள் விற்கும் கடையில் வாங்கினேன். முசுக்கட்டை வகை மரத்தின் பட்டை நாரில் செய்வது, எவ்வளவு மெல்லியது என்றால் கீழே இருக்கும் எழுத்தை அப்படியே படிக்கலாம். கத்தரியால் வெட்டக்கூடாது. தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துக் கோடு இழுத்து, ஈரக்கோட்டில் பிய்த்தால் ஓரத்தில் நார்கள் மயிர்மயிராக நிற்கும், அந்த நார்தான் பழைய தாளைப் பிடித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு தவறு செய்தேன். முதல் கிழிசலுக்குப் பசையைத் தண்ணீர் விட்டு ரொம்ப இளக்கிவிட்டேன். மரக்கூழ் தாள், உள்ளே அமிலம் ஊறிப் பழுப்பான தாள். ஈரம் பட்டதும் அந்தப் பழுப்பு கரைந்து, நீர் எதுவரை போனதோ அதுவரை போய், அங்கே காய்ந்து கோடாக நின்றுவிட்டது. 41ஆம் பக்கத்தின் ஓரத்தில் கடற்கரையில் அலை விட்டுப்போன கோடு மாதிரி இன்னமும் இருக்கிறது. எடுக்க வழியில்லை. அன்று வேலையை நிறுத்திவிட்டு, பெட்டியில் இருந்த பாழாய்ப்போன ஒரு பாடநூலை எடுத்து ஒரு வாரம் அதில் பழகினேன். பசை தூரிகையில் நிற்க வேண்டும், சொட்டக்கூடாது. கோஸோவில் தடவியதும் நேராக ஒட்டாமல் ஒற்றுத்தாளில் ஒரு கணம் வைத்து ஈரத்தை இழுக்கவிட்டு அப்புறம் ஒட்ட வேண்டும். உடனே மேலும் கீழும் தையற்கடை இன்டர்ஃபேசிங் துணி (சட்டைக் காலருக்குள் வைப்பது), அதற்கு மேல் ஒற்றுத்தாள், மேலே கனம். ஐந்து நிமிடத்தில் ஒற்றுத்தாளை மாற்றுங்கள், அரை மணியில் மறுபடி மாற்றுங்கள், பிறகு இரவெல்லாம் இருக்கட்டும். கனத்துக்கு நான் வைப்பது 5 கிலோ அரிசிப் பை, தாளின்மேல் சமமாக உட்காரும்.

பதினேழு கிழிசல்கள், ஒரு பாரத்தின் நடுமடிப்பு முழுவதும். ஒரு நாளைக்கு மூன்று, அதற்கு மேல் கை சரியாக வருவதில்லை.

உள்பக்கத்தில் ஊதா மையில் ஒரு ரப்பர் முத்திரை இருந்தது, ஏதோ வாசகசாலை, பினாங்கு என்ற சொல் மட்டும் படிக்க முடிகிறது. ஓரத்தில் பென்சில் கோடுகள். மடிப்பில் கசங்கிய பழைய பஸ் டிக்கெட் ஒன்று. முத்திரை மையில் ஒரு பொட்டுத் தண்ணீரைப் பஞ்சால் தொட்டுப் பார்த்தேன், உடனே ஊதா பஞ்சில் ஏறியது. அந்தப் பக்கத்துக் கிழிசலை மட்டும் முத்திரைக்கு அரை அங்குலம் தள்ளியே நிறுத்திவிட்டேன். சென்னையில் அச்சடித்து, கப்பலில் பினாங்கு போய், அங்கே யார் யாரோ வரிசையில் காத்திருந்து படித்து, பிறகு எப்படியோ தோ பாயோவுக்கு வந்து ஒரு வாத்தியார் கையில் சேர்ந்திருக்கிறது. அந்த முத்திரையை அழிக்கச் சொல்கிற சேகரிப்பாளர்களும் உண்டு. எனக்கு அது புத்தகத்தின் ஒரு பக்கம்.

தைப்பதற்கு மெழுகு தேய்த்த லினன் நூல். பாரங்களை மடிப்பில் தைத்தால் புத்தகம் நன்றாக விரியும், ஆனால் அதற்குப் புது ஓட்டைகள் போட வேண்டும். நான் கம்பி இருந்த நாலு ஓட்டைகள் வழியாகவே நூலை விட்டு, இறுக்காமல் முடிந்தேன். முழுசாக விரியாது, இரண்டு தலையணையைச் சாய்த்துப் போட்டு நடுவில் வைத்துப் படிக்க வேண்டும். படிக்க முடிகிறது, அது போதும்.

கடைசியாகத்தான் அந்தப் பழுப்புத்தாளுக்கு வந்தேன். வாத்தியார் போட்ட அட்டை அது, உள்மடிப்புகளைப் பசை வைத்து ஒட்டியிருந்தார், முன்னட்டையின் கிழிசலுக்கு மேல் செல்லோடேப் வேறு. டேப் காய்ந்து சருகாகிவிட்டிருந்ததால் ஹேர்டிரையரைத் தள்ளிப் பிடித்துச் சூடு காட்டியதும் தானே உரிந்தது, மஞ்சள் கறை மட்டும் நின்றது, நிற்கட்டும். பழுப்புத்தாளை அதே பசைமுறையில், ஒவ்வொரு மடிப்பாக இளக்கி எடுத்தேன். நாலு நாள் ஆனது. அடியில் பின்னட்டை, பச்சை மை, பிரசுராலயத்தின் பாரதி நூல் பட்டியல், எதிரே அணாக்கணக்கில் விலைகள். பழுப்புத்தாள் இத்தனை வருடம் வெளிச்சத்தை மறைத்து வைத்திருந்ததால் பச்சை நேற்று அடித்த மாதிரி இருக்கிறது. பட்டியலுக்குக் கீழே, மேலட்டையின் மடிப்போரம், பொடி எழுத்தில்: இரண்டாம் பதிப்பு.

பத்து வருடமாக முதற்பதிப்பு, முதற்பதிப்பு என்று தேடுகிறவனுக்கு அந்த இரண்டு சொல் சுருக்கென்றது உண்மை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தோன்றியது, என்னிடம் இருக்கும் பொன்னெழுத்துப் பைண்டிங் புத்தகத்தைப் பற்றி இவ்வளவுகூட என்னால் சொல்ல முடியாதே என்று. இந்த ஒன்று தன்னைத் தெளிவாகச் சொல்கிறது. ஜூன் பள்ளி விடுமுறையில் சென்னை போகும்போது ரோஜா முத்தையா நூலகத்தில் இதன் முதற்பதிப்பு இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் இரண்டையும் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிடப் போகிறேன். இரண்டாம் பதிப்பில் ஏதாவது சேர்த்திருந்தால், அந்தச் சேர்ந்த பகுதிக்கு இதுதான் முதற்பதிப்பு.

இப்போது புத்தகம் பாலியெஸ்டர் மேலுறையோடு, கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர்பெட்டியில் 50 விழுக்காட்டு ஈரப்பதத்தில் இருக்கிறது. 40க்குக் கீழே இறக்காதீர்கள், தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும். அலமாரியில் வைக்கும் தண்ணீர் சேரும் ஈர உறிஞ்சிப் பெட்டிகளைப் புத்தகத்தின் பக்கத்தில் வைக்கவே வேண்டாம், ஒரு தடவை சாய்ந்தால் போச்சு. பழுப்புத்தாளையும் தட்டையாக்கி, தனி உறையில், கூடவே வைத்திருக்கிறேன்.

பொங்கல் கழிந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆச்சியின் புது வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்னட்டையின் பச்சையைத் தடவிப் பார்த்தார். "இதுக்கு அட்டை போட்டது நாந்தான் தம்பி. அவுக பசை காச்சுனா கட்டி கட்டியா வரும்" என்றார். அது வாத்தியார் போட்டது என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ் டிக்கெட்டைக் கொடுத்தேன், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துக்கொண்டார். புத்தகத்தைத் திரும்ப என் பையில் அவரே வைத்தார்.

கிளம்பும்போது கட்டிலுக்கு அடியிலிருந்து இன்னொரு பழுப்புத்தாள் அட்டையை எடுத்தார், அதே கை, அதே மடிப்பு. அது இப்போது ஃப்ரீசரில் இருக்கிறது, வரும் 14ஆம் தேதி எடுக்க வேண்டும்.